டி.டி.கே.யும் ராம ராவும்: ஒரு ஸ்டாம்புத் தீர்வைச் சண்டை

கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டி, சேமியர்ஸ் ரோட்டில் ஆழ்வார்பேட்டை பக்கம் போனால் டி.டி.கே. சாலை வந்துவிடும். பழைய ஆட்கள் இன்னும் மௌபரீஸ் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். டி.டி.கே. யார் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் குக்கர் என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் முந்த்ரா விவகாரத்தைச் சொல்வார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்னால் அவர் ரிசர்வ் வங்கி கவர்னரோடு போட்ட சண்டையும், அந்தக் கவர்னர் கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

2018-ல் உர்ஜித் படேல் பதவி விலகியபோது இந்தப் பழைய கதை கொஞ்சம் வெளியே வந்தது. வந்தது பாதிக் கதைதான். "அந்தக் காலத்திலேயே அரசாங்கம் ரிசர்வ் வங்கியை மிரட்டியிருக்கு பாருங்க" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். முழுசாகப் படித்துப் பார்த்தால் கதை வேறு பக்கம் போகிறது. அதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு.

ஒரே கூட்டத்து ஆட்கள்

திருவள்ளூர் தட்டை கிருஷ்ணமாச்சாரி 1899-ல் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 1928-ல் சொந்தமாக ஏஜென்சி வியாபாரம் தொடங்கி, சோப்பு முதலான நுகர்பொருள்களை தென்னிந்தியா முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். பிறகு அரசியல். அரசியல் நிர்ணய சபையில் வரைவுக் குழு உறுப்பினர். குழுவில் ஒருவர் ராஜினாமா செய்தார், ஒருவர் இறந்துபோனார், ஒருவர் வெளிநாட்டில் இருந்தார், கடைசியில் மொத்தச் சுமையும் அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்று 1948 நவம்பரில் சபையில் எழுந்து சொன்னது இவர்தான். மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிற ஆள். நாக்கு கொஞ்சம் காரம்.

பெனகல் ராம ராவ் 1889-ல் பிறந்தவர். பூர்வீகம் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த தென் கன்னடம். சென்னை மாநிலக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த ஐ.சி.எஸ். அதிகாரி. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இந்தியாவின் தூதராக இருந்துவிட்டு, 1949 ஜூலை 1-ம் தேதி ரிசர்வ் வங்கி கவர்னர் ஆனார். ஏழரை வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். இன்றுவரை அவ்வளவு காலம் யாரும் இருந்ததில்லை. மனைவி தன்வந்தி ராம ராவ் இங்கே ராணி மேரி கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர், பிற்பாடு குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்தில் பெரிய பெயர். மகள் சாந்தா ராம ராவ் எழுத்தாளர்.

ராம ராவின் அண்ணன் பி.என். ராவ்தான் அரசியல் நிர்ணய சபையின் சட்ட ஆலோசகர். அரசியல் சட்டத்தின் முதல் வரைவு அவர் கையிலிருந்து வந்தது. தம்பி பி. சிவ ராவ் பத்திரிகையாளர், அதே சபையில் உறுப்பினர். ஆக டி.டி.கே.யும் ராம ராவ் குடும்பமும் முன்பின் தெரியாதவர்கள் இல்லை. புதுக் குடியரசைக் கட்டியவர்களுக்குள்ளேயே நடந்த சண்டை இது.

ரிசர்வ் வங்கி யாருடையது?

1935 ஏப்ரல் 1-ம் தேதி ரிசர்வ் வங்கி தொடங்கியபோது அது தனியார் பங்குதாரர்களின் வங்கி. மூலதனம் ரூ.5 கோடி. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள். அரசியல்வாதி கை படக்கூடாது என்பது லண்டன் சொன்ன காரணம். இங்கே இருந்தவர்களுக்கு வேறு சந்தேகம்: நாளைக்கு இந்தியர் கையில் அரசாங்கம் வந்தாலும் பணப்பெட்டிச் சாவி மட்டும் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

தனியார் வங்கி என்பதால் அரசாங்கத்தோடு உரசல் இல்லாமல் போகவில்லை. முதல் கவர்னர் ஆஸ்பர்ன் ஸ்மித், அன்றைய நிதி உறுப்பினர் ஜேம்ஸ் கிரிக்கோடு ரூபாய் மாற்று மதிப்பு பற்றியும் வட்டி பற்றியும் மோதி, பதவிக்காலம் முடியும் முன்பே 1937-ல் போய்விட்டார். அப்போது இந்தப் பக்கமும் வெள்ளைக்காரர், அந்தப் பக்கமும் வெள்ளைக்காரர்.

சுதந்திரத்துக்குப் பிறகு காற்று மாறியது. இங்கிலாந்து வங்கியையே 1946-ல் நாட்டுடைமை ஆக்கிவிட்டார்கள். இங்கே அந்த முடிவை 1948-ல் எடுத்தவர் முதல் நிதியமைச்சரான கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1933 டிசம்பரில் மத்திய சட்டசபை ரிசர்வ் வங்கி மசோதாவை நிறைவேற்றியபோது சபைத் தலைவர் நாற்காலியில் இருந்தவரும் அவர்தான். 1949 ஜனவரி 1 முதல் பங்குகள் எல்லாம் அரசுக்குச் சொந்தம். 100 ரூபாய்ப் பங்குக்கு 118 ரூபாய் 10 அணா கொடுத்து வாங்கினார்கள்.

அப்போது சட்டத்தின் 7-வது பிரிவில் ஒரு ஏற்பாடு சேர்ந்தது. பொது நலனுக்கு அவசியம் என்று மத்திய அரசு கருதினால், கவர்னரைக் கலந்தாலோசித்த பிறகு, வங்கிக்கு உத்தரவு போடலாம். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

அரசியல் சட்டம் என்ன சொல்கிறது? தணிக்கை அதிகாரியை நீக்க வேண்டுமானால் உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குகிற அதே கஷ்டமான வழிதான். தேர்தல் ஆணையத்துக்கு என்று தனி விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கிக்கு? ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலில், 38-வது இடத்தில் அதன் பெயர் மட்டும் இருக்கிறது. அவ்வளவுதான். கவர்னரை அரசு நியமிக்கலாம், அரசே நீக்கலாம். பிரிவினைக்குப் பிறகு பலமான மத்திய அரசு வேண்டும் என்பதில் சபையில் அநேகமாக எல்லோரும் ஒத்துப்போனார்கள். ஒற்றுமை, திட்டமிடல், தொழில்வளர்ச்சி என எல்லாவற்றுக்கும் டெல்லிக்குப் பலம் வேண்டும். நோட்டு அடிக்கிற இடம் மட்டும் டெல்லியிலிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்று யாரும் அப்போது பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே 1791-ல் அலெக்சாண்டர் ஹாமில்டன் தேசிய வங்கி கேட்டதே பலமான மத்திய அரசை உருவாக்கத்தான். வேண்டாம் என்ற ஜெபர்சனுக்கு வங்கி மேலும் பயம், பலமான அரசு மேலும் பயம். வங்கியும் அரசும் ஒரே கட்சி. 20 வருஷத்தில் அந்த வங்கி காலாவதியானது. அடுத்து வந்த வங்கியையும் ஆண்ட்ரூ ஜாக்சன் 1832-ல் வீட்டோ போட்டு முடித்துவைத்தார். நம் ஊரில் பலமான அரசு, மத்திய வங்கி இரண்டுமே வேண்டும் என்று தொடங்கினோம். ஒன்று இன்னொன்றைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்கும் நாள் பிறகுதான் வந்தது.

ஒரு ஸ்டாம்பு

1956 ஏப்ரலில் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் ஆரம்பம். பொதுத்துறைச் செலவு மட்டும் ரூ.4,800 கோடி. அதில் ரூ.1,200 கோடி பற்றாக்குறை நிதி, அதாவது பச்சையாகச் சொன்னால் நோட்டு அடித்துச் செலவு செய்வது. இது விலைவாசியில் போய் முடியும் என்று பொருளாதார நிபுணர் குழுவில் பி.ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும் 1955-லேயே தனியாக மறுப்புக் குறிப்பு எழுதினார். கேட்பாரில்லை.

1956 ஆகஸ்ட் கடைசியில் டி.டி.கே. நிதியமைச்சர் ஆனார். வந்தபோதே நிலைமை சரியில்லை. அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது. விலை ஏறிக்கொண்டிருந்தது. வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தன. அந்தப் பணம் பதுக்கலுக்குப் போகிறது என்று அரசுக்குச் சந்தேகம். நவம்பர் 30-ம் தேதி அவர் கொண்டுவந்த புது வரிகளில் சின்னதாக ஒன்று: தவணை உண்டியல்கள் மீதான ஸ்டாம்புத் தீர்வை கூட்டப்பட்டது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அதற்கு அந்தக் காலத்து வங்கி நடைமுறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் அப்போது பணத்துக்கும் பருவம் உண்டு. அறுவடை முடிந்து பருத்தி, வேர்க்கடலை, நெல் எல்லாம் கைமாறும் மாதங்களில் வியாபாரிகளுக்குப் பணம் ஏகமாக வேண்டும். வங்கிகளிடம் அவ்வளவு இருக்காது. அதனால் 1952-ல் ரிசர்வ் வங்கி ஒரு திட்டம் கொண்டுவந்தது. வங்கிகள் தங்கள் வாடிக்கையாளரிடம் தவணைப் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம், அதை ரிசர்வ் வங்கியிடம் ஈடாகக் காட்டி முன்பணம் வாங்கலாம். ராம ராவ் காலத்தில் வந்த திட்டம்தான். அவருக்குப் பிடித்தமான திட்டமும்கூட.

புரோநோட்டு என்றால் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். ஸ்டாம்பு விலை ஏறினால் அந்தக் கடனின் மொத்தச் செலவு ஏறும். அப்போது ரிசர்வ் வங்கி வட்டி மூன்றரை சதவீதம். டி.டி.கே. கூட்டிய தீர்வையால் அது நடைமுறையில் சுமார் அரை சதவீதம் கூடி நான்குக்குப் போனது. அதாவது, ரிசர்வ் வங்கி வட்டியைத் தொடாமலே வட்டி ஏறிவிட்டது. ஏற்றியவர் நிதியமைச்சர்.

இன்னொன்றையும் கவனிக்கணும். உண்டியல், புரோநோட்டு மீதான ஸ்டாம்பு விகிதத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. ஆனால் 268-வது ஷரத்துப்படி அந்த வசூல் மாநிலங்களுக்குப் போகிறது. ஆக, டெல்லி கஜானாவை நிரப்ப இந்த வரி போடப்படவில்லை. கடனை விலை உயர்ந்ததாக்கத்தான் போடப்பட்டது. வரி வேஷம் போட்ட வட்டி. ராம ராவின் கோபம் சரியாக அங்கேதான்.

கவர்னர் கிளம்பினார்

ராம ராவ் சும்மா இருக்கவில்லை. இது வட்டிக் கொள்கையில் தலையீடு என்று எழுதினார். டிசம்பரில் வங்கியின் மத்திய இயக்குநர் குழு கூடியது. பண விவகாரத்தைப் பாதிக்கிற முடிவுகளை எடுக்கும் முன் அரசு வங்கியைக் கலந்து பேச வேண்டும் என்று தீர்மானம் போட்டது. டி.டி.கே. கொதித்துப்போனார். ரிசர்வ் வங்கி தன் அமைச்சகத்தின் ஒரு பிரிவு மாதிரிதான் என்பது அவர் நிலை. அதை அவர் மரியாதையான மொழியிலும் சொல்லவில்லை. தன்னிடம் அவர் நடந்துகொண்ட விதமே சரியில்லை என்று ராம ராவ் பிரதமரிடம் முறையிட்டார்.

நேருவின் பதில் 1957 ஜனவரி முதல் தேதியில் வந்தது. மனிதர் நல்லவிதமாகத்தான் எழுதினார். ஆனால் சாரம் டி.டி.கே. பக்கம். ரிசர்வ் வங்கிக்குத் தனி அந்தஸ்து உண்டு, அது அரசுக்கு ஆலோசனை சொல்லலாம். ஆனால் திட்டமிட்ட பொருளாதாரத்தில் அரசு ஒரு வழி, மத்திய வங்கி இன்னொரு வழி என்று போக முடியாது. இயக்குநர் குழுவில் குறிப்பு எழுதி வைத்து அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்கிற மாதிரி நடந்துகொள்வதும் முறையில்லை. இதுதான் கருத்து.

இதற்குமேல் என்ன இருக்கிறது? பொங்கல் சமயத்தில், ஜனவரி 14-ம் தேதி, ராம ராவ் பதவியை விட்டு இறங்கினார். ஒன்றரை மாதம் அம்பேகாவ்ங்கர் பார்த்துக்கொண்டார். மார்ச் 1-ம் தேதி எச்.வி.ஆர். அய்யங்கார் வந்தார். அவரும் அதே பழைய கூட்டத்து ஆள்தான்: அரசியல் நிர்ணய சபையின் செயலாளராக இருந்தவர்.

யார் சொன்னது சரி?

இப்போது படிக்கிறவர்களுக்கு ராம ராவ் ஹீரோ, டி.டி.கே. வில்லன் என்று உடனே தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் டி.டி.கே. பக்கம் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. விலைவாசி ஏறினால் ஜனங்கள் யாரைத் திட்டுவார்கள்? கவர்னரையா? அவர் எங்கே இருக்கிறார் என்றுகூட யாருக்கும் தெரியாது. நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் சொல்வது அமைச்சர். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டுத் தெருவுக்கு வருவது அமைச்சர். 1957-ல் பொதுத்தேர்தல் வேறு. பதில் சொல்லவேண்டியவனுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டாமா? வெள்ளைக்காரன் காலத்து ஐ.சி.எஸ். அதிகாரி ஒருத்தர், ஓட்டு வாங்கி வந்த அரசாங்கத்துக்கு எல்லை போடலாமா? புதுக் குடியரசில் இது சாதாரணக் கேள்வி இல்லை.

இன்னொரு விஷயமும் இன்றைய கதையோடு பொருந்தாது. இப்போதெல்லாம் அரசு வட்டியைக் குறை என்கும், ரிசர்வ் வங்கி மாட்டேன் என்கும். 1956-ல் கடனை இறுக்க நினைத்தது அமைச்சர். திசை சரியா தப்பா என்பதில் பெரிய சண்டையே இல்லை. யார் செய்வது என்பதில்தான் சண்டை.

சண்டை எப்படி முடிந்தது என்பதையும் பாருங்கள். 1957 மே மாதம் ரிசர்வ் வங்கி தன் வட்டியை மூன்றரையிலிருந்து நான்காக ஏற்றியது. கூடவே ஸ்டாம்புத் தீர்வை குறைக்கப்பட்டது. அதாவது டி.டி.கே. கேட்ட நான்கு சதவீதம் அவருக்குக் கிடைத்தது. வட்டியை ஏற்றும் கருவி திரும்பவும் வங்கியின் கைக்குப் போனது. ராம ராவ் கேட்டது அதுதானே. ஆறு மாதத்தில் இரண்டு பேருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது. நடுவில் ஒரு கவர்னர் போனதுதான் மிச்சம்.

டி.டி.கே. செய்ததில் ஒரு நல்ல அம்சமும் உண்டு. பகிரங்கமாகச் செய்தார். நாடாளுமன்றத்தில் மசோதா வைத்தார், பேர் போட்டுச் செய்தார். எதிர்ப்பவர்களுக்கு எதை எதிர்க்கிறோம் என்று தெரிந்தது. சரிசெய்யவும் முடிந்தது.

அவர் சறுக்கியது அப்படிச் செய்யாத இடத்தில்.

முந்த்ரா

1956-ல் நாட்டுடைமையான எல்.ஐ.சி., 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை ரூ.1.24 கோடிக்கு வாங்கியது. கம்பெனிகள் ஆட்டம் கண்டுகொண்டிருந்தவை. எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவைக் கேட்கவே இல்லை. பெரோஸ் காந்தி டிசம்பரில் மக்களவையில் இதைக் கிளப்பினார். பம்பாய் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தனிநபர் ஆணையமாக விசாரித்தார். வெளிப்படையான விசாரணை, கூட்டம் அலைமோதியது. ரிசர்வ் வங்கி கவர்னர் அய்யங்காரும் சாட்சிக் கூண்டுக்கு வர வேண்டியிருந்தது.

விசாரணையில் பிரச்சினை என்னவென்றால், யார் உத்தரவு போட்டது என்பதற்குத் தாளே இல்லை. அமைச்சர் எனக்குத் தெரியாது என்ற மாதிரிப் பேசுகிறார். நிதிச் செயலாளர் எச்.எம். படேல் அமைச்சருக்குத் தெரிந்துதான் செய்தேன் என்கிறார். எல்.ஐ.சி. அதிகாரிகள் மேலிடத்து உத்தரவு என்கிறார்கள். எல்லாம் வாய்வார்த்தை.

சாக்ளா இரண்டு விஷயம் சொன்னார். அமைச்சர் தன் அதிகாரிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது, பொறுப்பு அவருடையதுதான். இன்னொன்று இந்தப் பதிவுக்கு முக்கியம். சட்டப்படி தன்னாட்சியோடு இருக்கும் நிறுவனத்தில் அரசு தலையிடக்கூடாது. தலையிட்டே ஆகவேண்டும் என்றால் எழுத்தில் உத்தரவு கொடுக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கக்கூடாது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார்.

ராம ராவ் போய் ஒரு வருஷம் ஒரு மாதம். எல்லா நிறுவனமும் என் அமைச்சகத்தின் ஒரு பிரிவு என்கிற மனப்பான்மைதான் கவிழ்த்தது என்று சொல்லலாம். அவர் திரும்பி வந்து 1963-ல் மறுபடி நிதியமைச்சரானார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடவேண்டும். யூனிட் டிரஸ்டும் தொழில் வளர்ச்சி வங்கியும் 1964-ல் அவர் காலத்தில் வந்தவை. சாதாரண ஆள் இல்லை.

இதே வருஷங்களில் ராஜாஜி வேறொரு பக்கமிருந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்: இவ்வளவு அதிகாரத்தை ஒரே இடத்தில் குவித்தால் நல்லவர்களே இருந்தாலும் தப்பு நடக்கும் என்று. 1959-ல் சென்னையில் சுதந்திரா கட்சி பிறந்தது அந்தக் கவலையிலிருந்துதான்.

வெள்ளிக்கிழமை ஏற்பாடு

இந்த ஸ்டாம்புச் சண்டைக்கு ஒன்றே முக்கால் வருஷம் முன்னாலேயே, சத்தமில்லாமல், இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்து முடிந்திருந்தது.

1955 ஜனவரி. நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக், கவர்னர் ராம ராவ். தேஷ்முக் முன்னாள் கவர்னர், முதல் இந்திய கவர்னர். இரண்டு பேருமே ஐ.சி.எஸ்., இரண்டு பேருமே கண்ணியமானவர்கள். திட்டு இல்லை, முறையீடு இல்லை. நிர்வாக வசதிக்காக ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ரிசர்வ் வங்கியில் மத்திய அரசின் கணக்கில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் குறைந்தது ரூ.50 கோடி இருக்க வேண்டும். குறைந்தால், அரசு உடனே அட்-ஹாக் கருவூலப் பில் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கும். வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்கும்.

மளிகைக்கடையில் அக்கவுண்ட் வைத்திருப்பது போலத்தான். மாசக் கடைசியில் தீர்த்துவிடுவோம் என்ற நம்பிக்கை. ஒரு வித்தியாசம்: நம்ம மளிகைக்கடைக்காரர் ஒரு கட்டத்தில் "சார், பழைய பாக்கி நிறைய இருக்கு" என்பார். ரிசர்வ் வங்கிக்கு அப்படிச் சொல்ல வழி வைக்கவில்லை. உச்ச வரம்பு என்று எதுவும் கிடையாது. பற்றாக்குறை எவ்வளவோ அவ்வளவுக்குச் சீட்டு. சீட்டு எவ்வளவோ அவ்வளவுக்குப் புதுப் பணம்.

மூன்று மாதத் தவணைச் சீட்டுகள் என்று பேர். தவணை வந்ததும் புதுச் சீட்டு எழுதி மாற்றிக்கொள்வார்கள். 1974-க்குப் பிறகு அதற்கு வட்டி 4.6 சதவீதம் என்று நிலையாக நிறுத்திவிட்டார்கள், வெளியே வட்டி எங்கே போனாலும் சரி. பிறகு மலையாகச் சேர்ந்ததை முதிர்வுத் தேதியே இல்லாத பத்திரங்களாக மாற்றினார்கள். இப்படிப் புதுப் பணம் வந்துகொண்டே இருந்தால் விலை ஏறும். அதைத் தடுக்க வங்கிகளின் கையைக் கட்ட வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் ரொக்க இருப்பு விகிதம் 15, சட்டபூர்வ இருப்பு விகிதம் 38.5. நீங்கள் வங்கியில் 100 ரூபாய் போட்டால் 53 ரூபாய் 50 காசு இந்த இரண்டுக்கும் போய்விடும். மீதியில்தான் விவசாயிக்கும் சிறுதொழில்காரருக்கும் கடன். கடன் கேட்டு மேனேஜர் அறை வாசலில் காத்துக்கிடந்த தலைமுறைக்கு அந்தக் காத்திருப்பின் ஒரு காரணம் இந்த வெள்ளிக்கிழமைச் சீட்டு என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

இதற்காக எந்தக் கவர்னரும் ராஜினாமா செய்யவில்லை. நாடாளுமன்றத்தில் ஓட்டுக்கு வரவில்லை. பத்திரிகையில் தலைப்புச் செய்தி இல்லை. அரை சதவீத ஸ்டாம்புக்குக் குரல் எழுப்பிய ராம ராவின் காலத்தில்தான் இது வந்தது. அவரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தற்காலிக வசதி என்று நினைத்திருப்பார்கள். அவமானம் உடனே சுடும். வசதி சுடாது. அதனால்தான் அவமானத்தை எதிர்க்கிறோம், வசதியை ஏற்றுக்கொள்கிறோம்.

இதை முடித்துவைத்தது அரியலூர்ப் பக்கத்துக்காரரான கவர்னர் சி. ரங்கராஜன். 1993-ல் கல்கத்தாவில் ஒரு உரையில் இந்தத் தானியங்கிக் கடன் நிற்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். 1994 செப்டம்பரில் அரசுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் எழுத்தில் ஒப்பந்தம். மூன்று வருஷத்துக்குப் படிப்படியாக வரம்பு. 1997 ஏப்ரல் 1 முதல் அட்-ஹாக் பில் கிடையாது, வரம்புள்ள குறுகிய கால முன்பணம் மட்டும். ஒப்பந்தம் போட்டபோது நிதியமைச்சர் மன்மோகன் சிங், அவரும் முன்னாள் கவர்னர். முடிந்தபோது ப. சிதம்பரம்.

ஸ்டாம்புச் சண்டை ஆறு மாதத்தில் சரியானது. வெள்ளிக்கிழமை ஏற்பாடு 42 வருஷம் ஓடியது. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

இன்றைக்கு

பலமான அரசா, சுதந்திரமான வங்கியா என்று பட்டிமன்றம் வைத்தால் தீராது. இரண்டுமே வேண்டும். நாம் கேட்கவேண்டிய கேள்வி அதைவிடச் சின்னது: முடிவை யார் எடுத்தார், அது எந்தத் தாளில் இருக்கிறது, அந்தத் தாளை நாம் பார்க்க முடியுமா?

2016-ல் சட்டத்தைத் திருத்தி, பணக்கொள்கைக் குழு என்று ஆறு பேரை வைத்தார்கள். பணவீக்க இலக்கு 4 சதவீதம், கூட இரண்டு, குறைய இரண்டு. இலக்கை அரசு குறிக்கிறது, வட்டியைக் குழு முடிவு செய்கிறது, யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது வெளியாகிறது. டி.டி.கே. கேள்விக்கும் ராம ராவ் கேள்விக்கும் சேர்த்து ஒரு நல்ல பதில் என்றே சொல்வேன்.

அந்தக் குழு முதல்முறை கூடிய அடுத்த மாதமே பணமதிப்பு நீக்கம். நவம்பர் 7-ம் தேதி அரசின் கடிதம், 8-ம் தேதி மாலை இயக்குநர் குழுக் கூட்டம், இரவு 8 மணிக்கு டிவியில் அறிவிப்பு. சட்டப்படி பரிந்துரை ரிசர்வ் வங்கியிடமிருந்து வர வேண்டும். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்று அதைச் செல்லும் என்றது. மாறுபட்ட நீதிபதி பி.வி. நாகரத்னா, வங்கி சுயமாக யோசித்ததற்கு அடையாளமே இல்லை என்று அந்தத் தாள்களை வைத்தே எழுதினார். நீங்கள் எந்தப் பக்கமாகவும் இருங்கள். தாள் இருந்ததால்தான் இந்த விவாதமே நடக்க முடிந்தது.

2018-ல் பேசப்பட்டதும் அந்த 7-வது பிரிவுதான். அதைக் கையில் எடுக்கப் போகிறார்கள் என்றதுமே ஊரே பதறியது. எனக்கு அந்தப் பதற்றம் முழுசாக ஒப்பவில்லை. கலந்தாலோசித்து, எழுத்தில், பொது நலன் என்று காரணம் சொல்லிப் போடுகிற உத்தரவு, பேர் தெரிந்த உத்தரவு. சாக்ளா கேட்டது அதைத்தான். பயப்பட வேண்டியது போனில் சொல்லப்படும் உத்தரவுக்கும், யாருக்கும் தெரியாமல் "வசதிக்காக" செய்துகொள்ளப்படும் ஏற்பாட்டுக்கும்தான்.

பர்ஸில் பத்து ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். மத்திய அரசு உத்தரவாதம் என்று மேலே இருக்கும். தருவதாக வாக்களிக்கிறேன் என்று ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட்டிருப்பார். இரண்டு பேரும் ஒரே தாளில், வெளிச்சத்தில், நம்மைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை அது. ஒரு ரூபாய் நோட்டு கிடைத்தால் அதையும் பாருங்கள். அதில் கவர்னரே கிடையாது, நிதிச் செயலாளர் கையெழுத்து மட்டும்தான். டி.டி.கே. இருந்திருந்தால் அதைக் காட்டித்தான் வாதாடியிருப்பார் என்று நினைக்கிறேன்.